ஆட்டிசம் உள்ளவர் டெரிட்டோரியல் ஆர்மியில் சேர முடியுமா?

வேலந்தாவளத்தில் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், அதாவது கேரளத்துப் பக்கம், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. எங்கள் ஊரில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், வேலைக்கு எழுதிப் போடுவது இங்கிலீஷ். மூன்றுக்கும் நடுவில் நின்று கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 2024 நவம்பரில் கோயம்புத்தூரில், பகுதிநேர ராணுவப் படையான டெரிட்டோரியல் ஆர்மிக்கு ஆள் எடுத்தார்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் விடியற்காலை பஸ்ஸில் ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த வாரத்தில்தான் ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ஏனுங்ணா, இவன் பேரைப் போட்டா எடுத்துக்குவாங்களா?"

பையனுக்கு 24 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஆட்டிசம் உள்ளவன் என்பது ஊருக்கே தெரியும். அந்த அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அப்புச்சியின் கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதியது, இன்னும் இவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பையன் அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்துவிட்டான். தலை நிமிராமல் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, வருஷத்துக்கு ரெண்டு மாசம் டிரெய்னிங்னு போட்டிருக்கு. எந்த ரெண்டு மாசம்?"

எத்தனையோ பேருக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இதை யாரும் கேட்டதில்லை. அம்மா கேட்ட கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் கிடைக்கும், கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான். மகன் கேட்டதுதான் ஆழமான கேள்வி என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

முதலில், இது என்ன படை? 'ராணுவ ரிசர்வ்' என்று பையன்கள் பொதுவாகச் சொல்வார்கள். நம் நாட்டில் ரிசர்வ் என்ற சொல் முறைப்படி, முழுநேரம் பணிசெய்து வெளியே வந்து, தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படும் பட்டியலில் இருக்கும் முன்னாள் சிப்பாய்களைக் குறிக்கும். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே ஒரு குடிமகன் சீருடை போட விரும்பினால் அதற்கான இடம் டெரிட்டோரியல் ஆர்மி. வெள்ளைக்காரன் காலத்தில் 1920-ல் இந்திய டெரிட்டோரியல் ஃபோர்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் தனிச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று படையைத் தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அவரும் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர், எங்களைப் போல எல்லை மண்ணில் பிறந்தவர்.

எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு பட்டாலியன்கள் பழக்கம். கோவையில் 110, கேரளத்தில் 122, இரண்டும் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த காலாட்படை. நடிகர் மோகன்லாலுக்கு 2009-ல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது இந்த 122-ல்தான். கிரிக்கெட் தோனிக்கு 2011-ல் கொடுத்ததும் டெரிட்டோரியல் ஆர்மியில்தான், அது பாராசூட் பிரிவு. அவர்கள் படம் போட்ட போஸ்டரைப் பார்த்துத்தான் பாதிப் பையன்கள் வருகிறார்கள். நிஜமான வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க 2024 ஜூலை 30-ஐ நினைத்துக்கொள்ளலாம். வயநாட்டில் மலை சரிந்தபோது முதலில் போய்ச் சேர்ந்த ராணுவ அணிகளில் 122-ம் ஒன்று. சேறு, இருட்டு, கூக்குரல், எந்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாத நிலை.

டெரிட்டோரியல் ஆர்மிக்கான அந்த 1948 சட்டத்தின் 6-ஆம் பிரிவு எளிமையானது. இந்தியக் குடிமகன் யாரும் சேர முன்வரலாம், வகுத்த நிபந்தனைகளுக்குப் பொருந்தினால் சேர்க்கப்படலாம். 'யாரும்' என்று தொடங்கும் வாக்கியம் 'நிபந்தனை' என்ற சொல்லில் போய் முட்டிக்கொள்கிறது. வயது 18 முதல் 42. ஆபீசருக்குப் பட்டம் வேண்டும், சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும். சிப்பாய்க்குப் பத்தாம் வகுப்பு. இதிலெல்லாம் நம் பையன் தேறிவிடுவான். ஓட்டத்தில்கூட. தினமும் ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில் ஒரே தூரம், ஒரே வேகம் ஓடுகிறவன் அவன். தேர்வில் ஓட வேண்டிய 1.6 கிலோமீட்டர் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

முட்டுக்கட்டை அதற்கு அப்புறம் வருகிறது.

மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான், அந்த ஏழில் ஆட்டிசம் கிடையாது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயர் இருந்தது, ஆனால் அது வேலைவாய்ப்புக்கான சட்டம் அல்ல. 2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கியது, ஆட்டிசத்தையும் சேர்த்தது. இந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசு நிறுவனம் எதுவும் வேலை விஷயத்தில் மாற்றுத்திறனாளியைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வரியைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. வேலையின் தன்மையைப் பார்த்து, எந்த நிறுவனத்துக்கு வேண்டுமானாலும் இதிலிருந்து விலக்குக் கொடுக்க அரசுக்கு அதே பிரிவு அதிகாரம் தருகிறது.

அந்த விலக்கு எதைச் சுற்றி நிற்கிறது என்றால், 'போர்ப்பணி' என்ற ஒரே சொல்லைச் சுற்றி. துப்பாக்கி தூக்கும் பணியிடம் என்றால் மாற்றுத்திறனாளர் சட்டத்தின் காவல் வாசலிலேயே நின்றுவிடும். 2021 ஆகஸ்ட் 18 அன்று வந்த அறிவிப்புகள் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளின் போர்ப்பணி இடங்களுக்கு இப்படித்தான் விலக்குக் கொடுத்தன. ராணுவத்துக்கும் இதே தர்க்கம்தான். டெரிட்டோரியல் ஆர்மிக்காரர் பணிக்கு அழைக்கப்பட்ட நாளிலிருந்து 1950 ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர், முழுநேரச் சிப்பாயைப் போலவே. பகுதிநேரம் என்பதால் அளவுகோல் தளரும் என்று நினைப்பது பொதுவான தப்புக் கணக்கு.

மருத்துவச் சோதனையில் 'ஷேப்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஐந்து எழுத்து, ஐந்து கூறு: மனநிலை, காது, கைகால், உடல்திறன், கண். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தரம். சேர வருகிறவருக்கு ஐந்திலும் ஒன்றாம் தரம் வேண்டும். இதில் முதல் எழுத்துதான் நம் விஷயம். கண்ணுக்குப் பலகை இருக்கிறது, எந்த வரிசை வரை படிக்கிறாய் என்று அளந்துவிடலாம். மனநிலைக்கு அப்படி ஒரு பலகை இல்லை. அதனால் இன்று என்ன செய்ய முடிகிறது என்பதைவிட, இதுவரை உன் மேல் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அங்கே எடை போடப்படுகிறது. ஆட்டிசம் என்று ஒரு காகிதம் இருந்தால் நடைமுறையில் கதை அதோடு முடிகிறது.

ராணுவத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், அது வெறும் பிடிவாதம் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானோருக்குச் சத்தம், வெளிச்சம், தொடுகை இவையெல்லாம் மற்றவர்களுக்கு எட்டுவதைவிடப் பல மடங்காக எட்டும். சிலருக்கு வலிப்பும் கூட வரும். தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்கக் கெடும். எல்லையில் ஒரு முகாமில் மாத்திரை தீர்ந்துபோனால் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை இருக்காது. ஒருவர் தடுமாறினால் அவருக்கு மட்டும் ஆபத்து இல்லை, பக்கத்தில் நிற்கிறவருக்கும்தான். இதெல்லாம் நியாயமான கவலைகள். அந்தக் கவலையை ஆள் ஆளாகப் பார்க்காமல் ஒரு சொல்லின் மேல் மொத்தமாக ஏற்றிவிடுவதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்துகிற ஆளும் ஆட்டிசம்தான். சிவகாசி வெடிக்குப் பக்கத்தில் நின்று திரியின் நீளத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணுகிறவனும் ஆட்டிசம்தான். நம் பையன் இரண்டாவது ரகம். ஆனால் அவனுக்குப் பஸ் ஹாரன் ஆகாது.

ஆபீசராக முயல்கிறவர்களுக்கு இன்னொரு கட்டம் உண்டு, எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் சோதனை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருத்துவர் வருவதற்கு முன்பே ஆட்டிசம் உள்ளவரைச் சல்லடை போடும் இடம் அது, பலருக்கும் அது தெரிவதில்லை. ஐந்து நாள் நடக்கும். ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அப்படிப் பதினொரு படம், பன்னிரண்டாவது வெறும் வெள்ளை. அப்புறம் 60 சொற்கள், சொல்லுக்கு 15 விநாடி, மனதில் வரும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். பையனிடம் விளையாட்டாக ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். "நீ பரீட்சைக்குப் போற வழியில ஒருத்தர் விபத்துல கிடக்கறார். என்ன பண்ணுவே?" அவன் திருப்பிக் கேட்டான்: "பரீட்சை எத்தனை மணிக்கு? இப்ப மணி எத்தனை? அவருக்கு ரத்தம் வருதா? வேற யாராச்சும் இருக்காங்களா?" அரை மணி நேரத்தில் 60 கேள்வி என்றால் ஒன்றுக்கு 30 விநாடி. அவன் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவான். நிஜ விபத்தில் அவனுடைய நான்கு கேள்விகளும்தான் சரியான கேள்விகள் என்பது வேறு விஷயம்.

குழு விவாதம் அதைவிடச் சிரமம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். அந்த இடைவெளி எங்கே வருகிறது என்று மற்றவர்களுக்குத் தானாகத் தெரிவது ஆட்டிசம் உள்ளவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தால் எல்லோரையும்விடத் தெளிவாக எழுதுவார். வாயைத் திறக்க முறை வராது. இத்தனைக்கும் இந்தத் தேர்வு முறை ஆட்டிசத்தைத் தடுப்பதற்காக வகுத்தது அல்ல. பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போகக்கூடிய ஆள் யார் என்று பார்க்க வகுத்தது.

இப்போது அவன் கேட்டதற்கு வருகிறேன். எந்த இரண்டு மாதம்?

முகாம் வாழ்க்கையை ஆட்டிசம் உள்ளவருக்குப் பொருந்தாதது என்று ஊரில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், படுக்கை விரிப்பை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும், யாருக்கு சல்யூட், எந்தத் தட்டில் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. விதி வாய்விட்டுச் சொல்லப்படுகிறது, ஊகிக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் யாரிடம் எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்று திண்டாடுகிற ஒருவனுக்கு முகாம் கிட்டத்தட்டச் சொர்க்கம். அப்புச்சி வீட்டுக்கு வந்தால் பேரனுக்கும் அவருக்கும்தான் ஒத்துப்போகுமாம், இருவரும் ஒரே நிமிடத்தில் சாப்பிட உட்காருவார்களாம்.

டெரிட்டோரியல் ஆர்மி வாழ்க்கை அதற்கு நேர் எதிர். அது ஒழுங்கின் வாழ்க்கை அல்ல, இரண்டு ஒழுங்குகளுக்கு நடுவே தாவிக்கொண்டே இருக்கும் வாழ்க்கை. பத்து மாதம் கஞ்சிக்கோடு ஷிப்ட், இரண்டு மாதம் முகாம், திரும்பக் கஞ்சிக்கோடு. எப்போது அழைப்பு வரும் என்பது யூனிட்டின் கையில். அந்த இரண்டு மாதமும் காகிதத்தில் உள்ள கணக்குதான். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் மூண்டபோது, டெரிட்டோரியல் ஆர்மியின் ஆபீசர், சிப்பாய் எல்லோரையும் பணிக்கு அழைக்க ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் இறக்கலாம் என்றது அந்த ஆணை. அழைக்கப்பட்டவருக்குப் பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று 1948 சட்டமே முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய வேலை கிடைப்பதும் பழைய அன்றாடம் கிடைப்பதும் ஒன்றல்ல. முழுநேர ராணுவத்தைவிட டெரிட்டோரியல் ஆர்மிதான் ஆட்டிசம் உள்ளவருக்குக் கடினம் என்று நான் நினைக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் 'வருஷத்துக்கு ரெண்டே மாசம்தானே' என்று லேசாகத் தெரிவதுதான் இதில் பொறி.

எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேசாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எடுப்பதா வேண்டாமா?

ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. செகந்தராபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். கூட்டினால் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம், 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. பெற்றோர் சொல்லும் பதிலையும் வைத்துத்தான் நிரப்புவார்கள். எல்லை ஊரில் அதற்குள் ஒரு கூத்து உண்டு. இந்த அம்மா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், அப்போது மலையாளம் அரைகுறை. ஒரு ஆஸ்பத்திரியில் "குட்டி சம்சாரிக்குமோ?" என்று கேட்டிருக்கிறார்கள். பேசுவானா என்று கேட்கிறார்கள். இவருக்கோ சம்சாரம் என்ற சொல் மட்டும் காதில் விழ, "மூணு வயசுக் குழந்தைக்கு ஏதுங்க சம்சாரம்?" என்றாராம். இன்று சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்குத் தாளில் என்ன எழுதினார்கள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஷொர்ணூர் பக்கம் கவளப்பாறையில் பேச்சும் மூளை வளர்ச்சியும் பார்க்கும் பெரிய அரசு நிறுவனம் இருக்கிறது. தமிழ் வீட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு ஆளைக் கூடவே அழைத்துப் போவது நல்லது.

பையனுக்குச் சான்றிதழ் எடுத்தது ப்ளஸ் டூவில், பரீட்சையில் கூடுதல் நேரத்துக்காக. இப்போது பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்கிறார்: "அந்தக் கார்டைக் காட்டாதே. கேட்டால் ஒண்ணும் இல்லைன்னு எழுது. ஆள் பார்க்க நல்லாத்தானே இருக்கான்?"

இதைத்தான் நான் முதலில் தடுத்தேன். சேரும் படிவத்தில் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய்ப் பதில் எழுதுவது 1950 ராணுவச் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் தனிக் குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை. அது ஒரு பக்கம். சட்டத்தை விட்டுவிட்டாலும், மறைத்துச் சேர்ந்தவன் தினமும் மறைக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, சிரிக்கும்போது சிரி என்று ஒரு நடிகனைப் போல. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இந்த நடிப்பைத்தான் தங்களைச் சக்கையாக்கும் விஷயம் என்கிறார்கள். முகாமில் நடிப்பைக் கழற்றி வைக்கத் தனி அறை கிடையாது, வரிசையாக இருபது கட்டில்.

அதே நேரம் சான்றிதழ் எடுப்பதும் ஒரு விலை கொடுத்துத்தான். கார்டு கையில் இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வரலாம். அந்த நான்கில் ஆட்டிசத்துக்கு என்று தனியாக எதுவும் இல்லை. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என்று எல்லோரோடும் சேர்ந்து ஒரே ஒரு சதவீதம். கார்டு எடுத்தால் சீருடைக் கதவு மூடும், எடுக்காவிட்டால் இந்த ஒரு சதவீதக் கதவு மூடும். பதினேழு வயதில், பரீட்சைக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்கப் போனபோது, இப்படி ஒரு கணக்கு இதற்குள் இருக்கிறது என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கார்டைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இல்லாத ஒன்றாக வாழ்ந்து கிடைக்கும் வேலை எத்தனை வருஷம் நிற்கும்?

உள்ளே போன பிறகு தெரிய வந்தால்? அதற்கு நேரடி உதாரணம் ஆட்டிசத்தில் எனக்குத் தெரியாது, ஆனால் பக்கத்து விஷயம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர், பணியில் இருந்தபோது மனநலக் குறைபாடு வந்தவர். அவர் மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை, குறைபாடு உள்ளவரை மறைமுகமாகப் பாரபட்சமாக நடத்துவதுதான் என்று 2021 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. துப்பாக்கி வேண்டாத வேறு வேலை கொடுக்கலாம், சம்பளமும் பதவித் தரமும் குறையக் கூடாது என்றது. உள்ளே இருப்பவருக்கு நீதிமன்றம் கை கொடுக்கிறது. வாசலில் நிற்பவருக்கு இன்னும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் ஆட்டிசம் என்ற பதிவு இருந்தாலே தகுதிக் குறைவு, ஆனால் ஆளைப் பார்த்து விலக்குக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம், வேலையில் மாற்றுத்திறனாளருக்குக் கொடுக்கும் பாதுகாப்பிலிருந்து ஆயுதப் படைகளை விலக்கி வைத்திருக்கிறது, நம்மைப் போலத்தான். எல்லோரும் உதாரணம் காட்டுவது இஸ்ரேலை. அங்கே ராணுவப் பணி பெரும்பாலோருக்குக் கட்டாயம், ஆட்டிசம் உள்ளவருக்கு விலக்கு. விலக்குப் பெற்றவர் தானாக முன்வந்தால் சேர 'ரோயிம் ரஹோக்' என்று ஒரு திட்டம் 2013-ல் தொடங்கியது, தூரத்தைப் பார்க்கிறவர்கள் என்று பொருள். பயிற்சி கொடுத்து, விமானமும் செயற்கைக்கோளும் எடுத்த படங்களை அலசும் 9900 என்ற பிரிவில் உட்கார வைக்கிறார்கள். மணிக்கணக்கில் ஒரே மாதிரிப் படங்களைப் பார்த்து, நேற்று இல்லாத ஒரு கோடு இன்று இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. நம் பையன் கஞ்சிக்கோட்டில் செய்வதும் ஏறக்குறைய அதுதான். பெயின்ட் காய்ந்த தகட்டில் மற்றவர் கண்ணுக்குப் படாத கீறலை விரலால் தொட்டுக் காட்டுவான். அந்தப் படங்களைப் பார்த்துச் சொன்னதை வைத்து எங்கே குண்டு விழுகிறது என்பது தனிக் கேள்வி, சின்னக் கேள்வியும் இல்லை. ஆட்டிசம் உள்ளவர் என்றாலே இப்படி ஒரு அபூர்வக் கண் இருக்கும் என்று கிளம்பியிருக்கும் பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. திறமை இருந்தால்தான் சேர்ப்போம் என்பதும் ஒரு வடிகட்டல்தானே.

அந்த உதாரணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அங்கே முதலில் வேலையைப் பிரித்தார்கள், பிறகு ஆளைத் தேடினார்கள். நம் டெரிட்டோரியல் ஆர்மியிலும் துப்பாக்கிக்கு அப்பால் வேலைகள் இருக்கின்றன. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்களோடு சேர்ந்த யூனிட்டுகள் உண்டு. மரம் நட்டுத் தரிசு மலைகளைப் பசுமையாக்கும் சூழலியல் பட்டாலியன்களும் உண்டு. ஆனால் எந்த யூனிட்டுக்குப் போனாலும் மருத்துவச் சோதனை என்ற வாசலைத் தாண்ட வேண்டும். செடி நடப் போகிறவரும் முதலில் போர்ப்பணியாளர். ஒரு காலத்தில் பெண்களுக்கும் இந்தப் படையின் வாசல் சாத்தித்தான் இருந்தது, 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு திறந்தது. அதனால் இது மாறவே மாறாது என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் மாறும் என்றும் சொல்ல மாட்டேன்.

அப்போ பையனுக்கு என்ன வழி? விலக்கு போர்ப்பணிக்கு மட்டும்தான் என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ராணுவத்திலும் பாதுகாப்புத் துறையிலும் சீருடை இல்லாத வேலைகள் ஏராளம். ராணுவப் பொறியியல் சேவை, டி.ஆர்.டி.ஓ. ஆய்வகங்கள், கிடங்குக் கணக்கு, இவற்றிலெல்லாம் சிவிலியன் பணியிடங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. கஞ்சிக்கோட்டிலேயே பி.இ.எம்.எல். ஆலை இருக்கிறது, பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் பொதுத்துறை நிறுவனம், அதுவும் அந்தச் சட்டத்துக்குள் வருவதுதான். எந்தப் பணியிடம் ஆட்டிசம் உள்ளவருக்கு ஏற்றது என்று அறிவிப்பில் சுருக்கெழுத்தில் போட்டிருப்பார்கள், அதைத் தவறவிடாமல் பார்க்க வேண்டும். இதைச் சொன்னபோது பையன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அதுல யூனிஃபார்ம் இல்லையே" என்றான்.

யூனிஃபார்ம்தான் வேண்டும் என்றால் ஊருக்குள் ஒன்று இருக்கிறது. ஹோம் கார்டு என்ற ஊர்க்காவல் படை பற்றி யோசித்தோம், கேரளத்தில் அது ஓய்வுபெற்ற ராணுவ, போலீஸ்காரர்களுக்கு என்றாகிவிட்டது. சிவில் டிஃபென்ஸ் அப்படி இல்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 2019-ல் கேரள அரசு தீயணைப்புத் துறையின் கீழ் அதைப் புதிதாக அமைத்தது. ஒரு நிலையத்துக்கு 50 தொண்டர்கள். முதலுதவி, தீயை அணைப்பது, வெள்ளத்தில் கயிறு கட்டுவது எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். துப்பாக்கி இல்லை, சம்பளமும் இல்லை. பளிச்சென்று ஒரு மேலங்கி தருகிறார்கள். அவசரத்தில் ஓடும் வேலை எல்லோருக்கும் ஒத்து வராது, ஆனால் ஐம்பது பேரும் கயிற்றைப் பிடித்தால் பட்டியல் எழுத யார்? எத்தனை மூட்டை அரிசி வந்தது, எத்தனை போனது, முகாமில் எந்தப் பாயில் யார் படுத்திருக்கிறார், யாருக்கு என்ன மாத்திரை. 2018-ல் இந்தக் கணக்கு இல்லாமல் முகாம்கள் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். உடல்நிலை பற்றி எழுதும் இடத்தில் அவனே பேனாவை வாங்கி 'ஆட்டிசம்' என்று எழுதினான். அதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வரியும் சேர்த்தான்: சைரன் ஒலிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும். சைரனை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று நான் சொல்லவில்லை, பயிற்சியில் அடிக்கும் சைரனைச் சொல்லலாம்தானே.

நிலையத்தில் பேசினோம். நல்ல மனிதர்கள், வரட்டும் என்றார்கள். பயிற்சி எப்போது என்று கேட்டதற்கு "அறியிக்காம்" என்றார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று நான் அவனுக்குத் தமிழில் சொன்னேன். அவனுக்கு மலையாளம் என்னைவிட நன்றாகவே தெரியும். "அது புரியுது மாமா," என்றான். "எந்தத் தேதி?"